முப்பத்தேழாம் நம்பர் கவர்

வாசகரே, கொடுப்பவர்களை உங்களுக்குத் தெரியும். கொடுக்காதவர்களையும் தெரியும், காணிக்கைப் பை இரண்டு பெஞ்சு தள்ளி வரும்போதே கண்ணை இறுக மூடி ஜெபத்தில் ஆழ்ந்துவிடுவார்கள். இன்றைக்கு நாம் பார்க்கப்போவது இந்த இரண்டிலும் அடங்காத ஓர் இனம். கொடுக்கவைப்பவர்.

இவர் இல்லாத இடமில்லை. நகர் நலச் சங்கத்தில் தெருவிளக்கு நிதிக்கு நோட்டுப் புத்தகமும் கையுமாக வீடு வீடாக ஏறுவது இவர். திருநீர்மலைத் திருவிழாவுக்கு நன்கொடைச் சீட்டு கிழிப்பதும் இவர்தான், வேறு பெயரில். ஆனால் இந்த இனம் நன்றாகக் கொழுத்து வளர்வது சபைகளில். ஆகவே மாதிரிக்கு ஒருவரை, ஊரப்பாக்கத்துச் சபையின் கமிட்டி உறுப்பினர் வில்பிரட்டைப் பிடித்துக்கொள்வோம். காலம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு.

வில்பிரட்டுக்குப் பல்லாவரம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர் வேலை. ஆறு நாள் போல்ட்டும் நட்டும் எண்ணுவார், ஏழாம் நாள் சபையாரை எண்ணுவார். பதினோரு வருஷமாக ஆண்கள் பக்கத்தில் காணிக்கைப் பை பிடிப்பது அவர்தான். மெரூன் கலர் வெல்வெட் பை, இரண்டு பக்கமும் மரப்பிடி. அதை ஏந்திக்கொண்டு பெஞ்சு பெஞ்சாக அவர் நடந்து வரும் அழகில் ஒரு கம்பீரம் இருக்கும். கண் மேலே சிலுவையைப் பார்க்கும். காது கீழே பைக்குள் இருக்கும். நாலணா விழும் சத்தம் வேறு, எட்டணா விழும் சத்தம் வேறு என்பது அவருக்கு அத்துப்படி. சத்தமே இல்லாமல் விழுந்தால் நோட்டு. சத்தமும் இல்லாமல் கனமும் ஏறாமல் கை மட்டும் உள்ளே போய் வந்தால்? அந்த முகத்தை அவர் மறக்கமாட்டார்.

உங்களுக்கும் எனக்கும் ஸ்கூட்டர் ஒரு ஸ்கூட்டர். வில்பிரட்டுக்கு அது ஒரு கணக்கு. யாராவது புது வண்டியில் ஆராதனைக்கு வந்து இறங்கினால், பக்கத்தில் போய் சீட்டைத் தட்டிப் பார்த்து, "நல்ல வண்டி, ஆண்டவர் ஆசீர்வதிச்சிருக்கார்" என்பார். தட்டிய கை எடுப்பதற்குள் வண்டி விலை, மாதத் தவணை, அதை வைத்துச் சம்பளம், சம்பளத்தில் ஆண்டவருக்குரிய தசமபாகமான பத்தில் ஒன்று, அந்தப் பத்தில் ஒன்றில் இந்த ஆள் இதுவரை பைக்குள் போட்டது போக மீதி என்று எல்லாம் மனசுக்குள் ஓடி முடிந்திருக்கும். பிரமோஷன் வந்தவர்கள் சபையில் அதை ஒளித்து வைத்தார்கள். மகள் கல்யாணத்துக்கு நகை வாங்கியவர்கள் கவரிங் என்று சத்தியம் செய்தார்கள்.

இந்த இனத்துக்கென்று சில வாக்கியங்கள் உண்டு. முதலாவது, "இது பணத்துக்காக இல்ல." இதைச் சொன்னபின் அரை மணி நேரம் பணத்தைப் பற்றிப் பேசுவார்கள். இரண்டாவது, "நான் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லல." இதைச் சொல்லும்போது யாரைப் பார்க்கிறாரோ அவர்தான் அந்த ஆள்.

அந்த வருஷம் வில்பிரட் கொதித்துப்போயிருந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. கோயில் கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். அதில் விரிசல் விட்டு, போன மழைக்குப் பாடகர் குழுவில் பாதிப் பேர் குடைக்குக் கீழே நின்று பாடினார்கள். பீடத்தின் மேல் ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்திருந்தார்கள். ஆயர் பிரசங்கத்தில் சற்று நிறுத்தினால் சொட்டுச் சத்தம் பதில் சொல்லும். ஐப்பசிக்குள் கூரை மாற்றியாக வேண்டும். ஷீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கச் சபையில் பணம் இல்லை.

ஜி.எஸ்.டி. ரோட்டில் ஷீட் கடை வைத்திருந்த துளசிங்கம், வில்பிரட் சைக்கிளில் போகும்போதெல்லாம் கடைக்குள்ளிருந்தே கூப்பிடுவார்.

"இன்னா சார், உங்களுக்குன்னு எடுத்து வச்ச ஷீட்டு அப்டியே கீது. அட்வான்ஸு இன்னா ஆச்சு? மழை வந்துகினே கீது சார்."

"வசூல் பண்ணிட்டு இருக்கோம் துளசிங்கம். ஜனங்களுக்குக் கொடுக்கிற மனசு வரணுமே."

"எங்க அம்மன் கோயில் கமிட்டிலயும் ஒர்த்தரு கீறாரு, இதே பாட்டுதான். ஊர்ல எவன் குடுக்கல, எவன் குடுக்கலன்னே சுத்திகினு கீறாரு."

"அவர் எவ்வளவு கொடுத்தார்?"

"அத்த யாரு சார் கேட்டாங்க."

வில்பிரட் சிரித்தார். அந்த ஆளை நினைத்துத்தான்.

கவர் திட்டம் அவருடைய மூளையில் உதித்தது. சம்பாதிக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர். மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு கவர். கவரில் நம்பரும் மாதமும் மட்டும், பெயர் கிடையாது. யாருக்கு எந்த நம்பர் என்பது ஆயர் மேஜைக்குள் பூட்டியிருக்கும் பதிவேட்டுக்கு மட்டும் தெரியும். ஜனவரியில் ஆயரின் மனைவி ஒவ்வொரு கட்டையும் பழுப்புக் காகிதத்தில் சுற்றி, சணல் கட்டி, மேலே பெயர் எழுதிக் கொடுத்தார். அத்தனை கட்டையும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவர் வில்பிரட். ஆராதனை முடிந்து மற்ற இருவர் பணம் எண்ண, நம்பர் வாரியாக நோட்டில் குறித்தவரும் வில்பிரட். அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வருஷ நடுவில் இரண்டு முறை சபைக்கு முன்னால் ஆய்வுரை நிகழ்த்தினார்.

"இருபத்திரண்டாம் நம்பரைப் பாருங்க. யாருன்னு எனக்குத் தெரியாது. மாசம் பொறந்தா முதல் ஞாயித்துக்கிழமை பத்து ரூபா. ஒரு மாசம் தவறல, ஒரு ரூபா குறையல. இவரல்லவா மனுஷன். இன்னொரு நம்பர் இருக்கு. முப்பத்தேழு. ஜனவரியிலேருந்து ஒரு கவர், ஒரே ஒரு கவர், வந்ததில்ல. இது பணத்துக்காக இல்ல. நான் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லல."

உண்மையாகவே யாரையும் குறிப்பிட முடியவில்லை, யாரென்று தெரியாதே. ஆகவே அவர் எல்லாரையும் பார்த்தார்.

முப்பத்தேழு அவரைத் தூங்கவிடவில்லை. ஸ்கூட்டர்க்காரர் முப்பத்தேழோ? சங்கீதக் கச்சேரி மாதிரி பாடிவிட்டுப் பைக்குள் நாலணா போடும் அந்த ரிட்டயர்ட் ரயில்வே கார்டு முப்பத்தேழோ? ரயிலில் வேலைக்குப் போகும்போது எதிர் சீட்டில் சபையார் யாராவது இருந்தால், ஏழு, பதினேழு, இருபத்தேழு என்று சும்மா சொல்லிக்கொண்டே போய் முப்பத்தேழில் நிறுத்தி முகத்தைப் பார்ப்பார். முகங்களில் பயம் தெரிந்தது. எல்லா முகங்களிலும் தெரிந்தது.

ஆகஸ்டு கடைசியில் கமிட்டி கூடியது. கூரை நிதி பாதியில் நின்றது. வில்பிரட் எழுந்து ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: விளைச்சலுக்கு நன்றி சொல்லிச் செப்டம்பரில் வரும் அறுப்பின் பண்டிகை அன்று காணிக்கை எடுத்து முடிந்ததும், அதுவரை ஒரு கவர்கூடச் செலுத்தாத நம்பருக்குரியவரின் பெயரை ஆயர் பீடத்திலிருந்து வாசிக்க வேண்டும்.

ஆயர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது வேணுமா வில்பிரட் சார்?"

"வேணும் ஐயா."

"நான் தனியாக் கூப்பிட்டுப் பேசிடறேனே. மறதியா இருக்கும்."

"தனியாப் பேசிப் பேசித்தான் கூரை ஒழுகுது. யாரா இருந்தாலும் சரி. கமிட்டி மெம்பரா இருந்தாலும் சரி."

"கமிட்டி மெம்பரா இருந்தாலுமா?"

"முக்கியமா கமிட்டி மெம்பரா இருந்தா."

ஆயருக்கு இருமல் வந்தது. தண்ணீர் குடித்தார். மறுபடி இருமினார். "ஒரு வாரம் யோசிச்சு…" என்று ஆரம்பித்தவரை வில்பிரட் மரியாதையாக மறித்து, தாட்சண்யம் பார்ப்பது போதகருக்கு அழகல்ல என்று சொல்லி, தீர்மானத்தைத் தன் கையாலேயே மினிட் புத்தகத்தில் எழுதினார். ஏகமனதாக நிறைவேறியது. வெளியே வரும்போது அவருக்கு ஒரே எண்ணம்: ஆயர் யாரையோ காப்பாற்றுகிறார். பெரிய இடமாக இருக்கும்.

இந்த இடத்தில் நீங்கள் உள்ளுக்குள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சபையில் பாதிப் பேருக்கும் கேட்டிருக்கும். வில்பிரட்டுக்கு மட்டும் கேட்கவில்லை. பிறர் பைக்குள் விழும் நாலணா கேட்கும் காதுக்கு இதெல்லாம் கேட்காது.

பண்டிகைக்கு இரண்டு வாரம் இருந்தது. பெயர் வாசிக்கும் முன்பே கண்டுபிடித்துவிட வேண்டும் என்ற வெறியில், பட்டியலில் ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டே வந்தவர் ஜெயக்கொடியிடம் நின்றார். தாம்பரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். போன வருஷம் நவம்பரில் கணவரைப் பறிகொடுத்தவள். ஒரு சம்பளம், இரண்டு பிள்ளைகள், வீட்டுக் கடன். கொடுக்க முடியாமல் இருக்கும், பாவம் என்று அவர் நினைத்தார். அந்தப் பாவம் மனசில் இருக்கும்போதே கால் சைக்கிளை மிதித்துவிட்டது.

ஜெயக்கொடி டீ கொடுத்தாள். வில்பிரட் கூரையைப் பற்றிப் பேசினார். மழையைப் பற்றிப் பேசினார். பிறகு, "நான் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லலம்மா" என்றார்.

அவள் உள்ளே போய் இரண்டு கட்டு எடுத்து வந்து டீப்பாய்மேல் வைத்தாள். இரண்டிலும் செப்டம்பரிலிருந்து நாலு கவர் மிச்சம் இருந்தது. ஒரு கட்டில் இருபத்தொன்று. இன்னொன்றில் இருபத்திரண்டு.

"இருபத்தொண்ணு என்னோடது சார். இருபத்திரண்டு அவரோடது."

வில்பிரட் டம்ளரைக் கீழே வைத்தார்.

"பழைய லிஸ்டைப் பார்த்துக் கட்டிட்டாங்க, நீங்களும் பேரைப் பார்க்காமக் கொடுத்துட்டீங்கன்னு தெரிஞ்சது. திருப்பிக் கொடுக்கலாம்னுதான் தனியா எடுத்து வச்சேன். அப்புறம் என்னமோ, அவர் பேர் எழுதி வீட்டுக்கு வந்தது இந்த வருஷத்துல இது ஒண்ணுதான். இருக்கட்டுமேன்னு போட்டுட்டு வரேன்." அவள் கட்டின் ஓரத்தைத் தட்டிச் சமன் செய்தாள். "நீங்க இவரல்லவா மனுஷன்னு சொன்னப்போ சிரிப்பு வந்துடுச்சு சார். இருந்தப்போ அவர் ஒரு மாசமும் ஒழுங்காக் கொடுத்ததில்ல."

வில்பிரட் மிச்ச டீயைக் குடிக்காமலே எழுந்தார். இந்த இனத்துக்கு அது அபூர்வம். செருப்பை மாட்டும்போது அவள் வெகு சாதாரணமாகக் கேட்டாள்.

"ஆமா, உங்க நம்பர் எத்தனை சார்?"

"என்னோடதா? என்னோடது வந்து…"

"பை பிடிக்கிறவங்களுக்குக் கவர் கிடையாதோ என்னமோ."

கேலியில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். வில்பிரட் சைக்கிளில் ஏறவில்லை. தள்ளிக்கொண்டே நடந்தார். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் வண்டலூர் ஜூவில் சிங்கம் கர்ஜிப்பது ஊரப்பாக்கம் வரை கேட்கும், அன்றைக்குக் கேட்டது. அவருக்குப் பிடிக்கவில்லை.

வீட்டில் அவர் மனைவி ஞானம்மாள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஜனவரியில ஒரு பழுப்புக் கட்டு கொடுத்தேனே."

"ஆமா. பத்திரமா வைன்னீங்க. பீரோவுல, வீட்டுப் பத்திரத்துக்குக் கீழ வச்சிருக்கேன்."

எடுத்தார். சணல்கூட அவிழ்க்கப்படவில்லை. அவிழ்த்தார். பன்னிரண்டு கவர். ஒவ்வொன்றிலும், ஆயரின் மனைவியின் உருண்டையான கையெழுத்தில், முப்பத்தேழு.

"ஞானம், நீ கோயில்ல காணிக்கை போடறதில்லையா?"

"போடறேனே. பால் வாங்கின சில்லறையில வாரம் ஒரு ரூபா. அது எனக்காக."

"வீட்டுக்காக?"

"அது நீங்க போடுவீங்க."

"மாசம் ஒண்ணாம் தேதி உன் கையில கொடுக்கறேனே, எல்லாம் அதுல அடக்கம்னு."

"எல்லாம்னா அரிசி, பால், ஸ்கூல் ஃபீஸ்." அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "ஏங்க, பதினோரு வருஷமா நீங்கதானே பையைப் பிடிக்கிறீங்க? பிடிக்கிற மனுஷன் போடாமலா இருப்பார்னு நினைச்சேன்."

வில்பிரட் தன் கைகளைப் பார்த்தார். வலது கை ஒரு பிடி, இடது கை ஒரு பிடி. பையின் வாய் எப்போதும் எதிரே இருப்பவர் பக்கம். போட ஏது மூன்றாவது கை?

அடுத்தவர் தசமபாகத்தைக் கண்ணிமைக்கும் நேரத்தில் கணக்குப் போட்டுவிடும் அந்த மூளை, பதினோரு வருஷக் கணக்கில் மட்டும் திரும்பத் திரும்பத் தப்பு செய்தது.

மறுநாளே ஆயரைப் போய்ப் பார்த்தார். காணிக்கை என்பது கடவுளுக்கும் மனிதனுக்கும் நடுவில் உள்ள ரகசியம், அதைப் பீடத்தில் வாசிப்பது ஆவிக்குரிய முறைதானா என்று ஒரு சந்தேகம் இரவு திடீரென்று தோன்றியதாகச் சொன்னார்.

"நான் சொல்லத்தான் வந்தேன் வில்பிரட் சார். நீங்க விடல."

"தீர்மானத்தை மாத்தலாமா ஐயா?"

"கமிட்டி போட்டதைக் கமிட்டிதான் மாத்தணும். அடுத்த கமிட்டி அக்டோபர்ல."

"அப்ப என் பேரை வாசிப்பீங்களா?"

"காணிக்கை எடுத்து முடிஞ்சப்புறமும் பையில ஒரு கவர்கூட விழாம இருந்தா வாசிக்கணும். உங்க கையெழுத்துலதானே இருக்கு." ஆயர் இப்போது இருமவில்லை.

ஆக ஒரு வழி இருந்தது. பண்டிகை அன்று பை போகும்போது கவர் விழ வேண்டும். பை யார் கையில்? வில்பிரட் இரவெல்லாம் யோசித்தார். ஒரு பிடியை விட்டால் பை கவிழும். எண்ணும் அறையில் நைசாகச் சேர்க்கலாமென்றால் மற்ற இருவர் இருப்பார்கள். கடைசியில், "நீ போட்டுடேன் ஞானம்" என்று கேட்டுப் பார்த்தார்.

"உங்க கவர். நீங்க போடுங்க" என்றாள் ஞானம்மாள். பீன்ஸ் நறுக்கும்போது இருந்த அதே முகம்.

அறுப்பின் பண்டிகை வந்தது. பீடத்தைச் சுற்றிப் பூசணிக்காயும் வாழைத்தாரும் கரும்பும். முப்பத்தேழு யார் என்று பார்க்க, ஈஸ்டருக்கு மட்டும் வருகிறவர்கள்கூட வந்திருந்தார்கள். காணிக்கைப் பாட்டு ஆரம்பித்தது. வில்பிரட் எழுந்தார், பையை எடுத்தார், வழக்கம்போல் ஆண்கள் பக்கம் திரும்பாமல் குறுக்கே நடந்து பெண்கள் பக்கம் போய், மூன்றாம் பெஞ்சில் நின்று, இரண்டு பிடியையும் ஜெயக்கொடியின் கையில் கொடுத்தார்.

"இன்னிக்கு நீ பிடிம்மா."

அந்தச் சபையில் பெண்கள் பக்கத்துப் பையைக்கூட ஓர் ஆண்தான் பிடிப்பார். பாட்டு இரண்டாம் சரணத்தில் தடுமாறியது. வில்பிரட் திரும்பி வந்து, ரிட்டயர்ட் ரயில்வே கார்டுக்குப் பக்கத்தில், சாதாரணப் பெஞ்சில், சாதாரண மனிதனாக உட்கார்ந்தார். பை பெஞ்சு பெஞ்சாக வந்தது. எதிர்ப்பக்கமிருந்து பார்க்கும்போது அது அவ்வளவு மெதுவாக வரும் என்று அவருக்கு அதுவரை தெரியாது. கண்ணை மூடி ஜெபத்தில் ஆழ்ந்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

சட்டைக்குள்ளிருந்து ஒன்பது கவர்களை எடுத்தார். ஜனவரி முதல் செப்டம்பர் வரை, ரப்பர் பேண்டு போட்டு, ஒவ்வொன்றும் கனமாக. பையின் வாய் சிறியது. கட்டு மாட்டிக்கொண்டது. அமுக்கினார். ரப்பர் பேண்டு அறுந்து நாலு கவர் தரையில் சிதறியது.

கார்டுக்குக் காது மந்தம். ஆகவே குரல் பெரிது. குனிந்து ஒன்றைப் பொறுக்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்தார்.

"முப்பத்தேழு. யாரோடதுய்யா இது?"

பாட்டு நின்றேவிட்டது. ஜெயக்கொடி பையை அசைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள். தெரியாது என்று சொல்லலாம். கீழே கிடந்தது என்று சொல்லலாம். ஸ்டோர்ஸில் கணக்கு உதைத்தால் சொல்வதற்கென்று வில்பிரட்டிடம் ஏழெட்டு வாக்கியங்கள் உண்டு.

"என்னுது" என்றார்.

"இன்னா?"

"என்னுதுங்க. முப்பத்தேழு நான்தான். நான் சபையில ஒருத்தரைக் குறிப்பிட்டுத்தான் சொல்லிட்டு இருந்திருக்கேன்."

முதலில் சிரித்தது யார் என்பதில் இன்றுவரை அபிப்பிராய பேதம் உண்டு. ஞானம்மாள் என்பது என் கட்சி. சிரிப்பு பெண்கள் பக்கம் ஆரம்பித்து, ஆண்கள் பக்கம் தாவி, பாடகர் குழுவைச் சாய்த்து, பீடத்துக்கு ஏறியது. ஆயர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, வாசிக்கப் பெயர் எதுவும் இல்லை, மூன்றாம் சரணத்திலிருந்து பாடலாம் என்றார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததுதான் வேடிக்கை. பதினாலு வீடுகளிலிருந்து, மாதக்கணக்காகத் தங்கியிருந்த கவர்கள் வந்து விழுந்தன. பீரோவில் இருந்தவை, டிரங்குப் பெட்டியில் இருந்தவை, வெந்தயம் கொட்டி வைத்திருந்த ஒன்று. ஜெயக்கொடிதான் பை பிடித்தாள். தீபாவளிக்கு முன்பே துளசிங்கம் ஷீட்டை இறக்கினார்.

"இன்னா சார், ஜனங்களுக்கு மனசு வந்துச்சா?"

"வந்துச்சு துளசிங்கம். கொஞ்சம் லேட்டா வந்துச்சு."

வில்பிரட் திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்களா? இந்த இனம் திருந்தாது, வாசகரே. ஜனவரியில் புதுப் பட்டியல் எழுத உட்கார்ந்தவர், இறந்தவர்களையும் ஊர் மாறிப் போனவர்களையும் சிவப்பு மையால் அடித்துக்கொண்டே வந்து, இருபத்திரண்டாம் நம்பருக்குரிய பெயரில் மட்டும் பேனாவைத் தூக்கி அடுத்த வரிக்குப் போனார்; அது உண்மை. ஆனால் பிப்ரவரி ஆய்வுரையில், "என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன்" என்று புதுசாக ஒரு வாக்கியத்தை முன்னால் மாட்டிக்கொண்டு, ஐம்பத்திரண்டாம் நம்பரை ஒரு பிடி பிடித்தார்.

இதையெல்லாம் படிக்கும்போது உங்களுக்கு யாரோ ஒருவர் முகம் ஞாபகம் வந்திருக்குமே? உங்கள் சபையிலோ, சங்கத்திலோ, தெருவிலோ? இதை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்றுகூட நினைத்திருப்பீர்கள். காட்டுங்கள். அதற்கு முன் ஒரே ஒரு வேலை. எழுந்துபோய் உங்கள் பீரோவைத் திறந்து, வீட்டுப் பத்திரத்துக்குக் கீழே ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். நான் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை.